பெயர் தெரியாத பொடி

உங்களில் மேல் வகுப்புகளில் வேதியியல் படிப்பவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு பழக்கமானதுதான். ஒரு சிறு காகிதத்தில் சிட்டிகை உப்பைக் கொடுப்பார்கள். அதன் நிறத்தைப் பார்க்கிறோம், சுடரில் காட்டுகிறோம், நீர்த்த அமிலத்தைச் சேர்க்கிறோம். பதிவேட்டில் 'சோதனை, காண்பன, அறிவன' என்று மூன்று கட்டங்கள். சுடர் செங்கல் சிவப்பாக இருந்தால் கால்சியம். ஆப்பிள் பச்சையாக இருந்தால் பேரியம். கடைசியில் 'கொடுக்கப்பட்ட உப்பு இன்னது' என்று எழுதிவிட்டு எழுந்து வருகிறோம்.

இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆசிரியர் எந்த உப்பைக் கொடுத்தாலும் அது புத்தகத்திலுள்ள பட்டியலுக்குள்தான் இருக்கும். பட்டியலில் இல்லாத ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? ஒவ்வொரு சோதனைக்கும் 'இல்லை, இல்லை' என்றே விடை வரும். பொடியோ கண்ணெதிரே இருக்கிறது!

போலீசார் கைப்பற்றி வரும் போதைப் பொருள்களைச் சோதிக்கும் வேதியியலாருக்கு இந்தச் சங்கடம் அடிக்கடி நேர்கிறது. அவர்களுடைய விடை தாமதமானால், அதே பொடியை வாங்கிய இன்னும் சிலர் இறக்கலாம். விடை தவறிப்போனால், குற்றம் செய்யாத ஒருவர் சிறைக்குப் போகலாம். பட்டியலில் இல்லாத பொருளுக்கு அவர்கள் எப்படிப் பெயர் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு பழைய வழக்கிலிருந்து தொடங்குவோம்.

ஆரஞ்சு கவுன்டி, 1979

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை அடுத்து ஆரஞ்சு கவுன்டி என்ற மாவட்டம் இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே இருவர் இறந்து கிடந்தனர். ஹெராயினை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டவர்கள் மூச்சடங்கி இறப்பதுண்டு. இவர்களும் அப்படித்தான் இறந்திருந்தார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனையில் ஹெராயின் தென்படவில்லை. மார்ஃபினும் இல்லை. அதுவரை தெரிந்திருந்த அபினி வகை மருந்து எதுவுமே அகப்படவில்லை. அடுத்த ஓராண்டில் இதே போல மேலும் 13 பேர் இறந்தார்கள்.

தெருவில் அந்தப் பொடியை 'சைனா ஒயிட்' என்று விற்றார்கள். மிகத் தூய ஹெராயினுக்குப் போதை வியாபாரிகள் வைத்திருந்த பெயர் அது. வாங்கியவர்களும் ஹெராயின் என்றே எண்ணி வாங்கினார்கள்.

இத்தகைய பொடி ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் முதலில் நடப்பது நிறச் சோதனை. 1896-ல் மார்க்விஸ் என்பவர் கண்டறிந்த ஒரு கரைசல் இன்றும் பயன்படுகிறது. அடர் கந்தக அமிலமும் ஃபார்மால்டிஹைடும் கலந்தது அது. அதில் ஹெராயினோ மார்ஃபினோ பட்டால் ஊதா நிறம் தோன்றும். விலை மலிவு, ஒரு நிமிட வேலை. ஆனால் பல பொருள்கள் ஒரே நிறத்தைக் கொடுப்பதால் இதை வைத்து எவரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அடுத்து எந்தத் திசையில் போகலாம் என்பதற்கு இது ஒரு கைகாட்டி மட்டுமே. மேலும், தெருவில் விற்கும் பொடியில் பெரும்பகுதி சர்க்கரை போன்ற நிரப்புப் பொருளாகவே இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து மிகவும் வலியது என்றால் அதன் பங்கு நூற்றில் ஒன்றுகூட இராது. அவ்வளவு குறைந்த அளவுக்கு நிறம் தோன்றாமலே போய்விடலாம்.

ஆகவே கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்க வேண்டும். அதற்கு வாயு வண்ணப்பிரிகைக் கருவி இருக்கிறது. பொடியைக் கரைத்து, ஆவியாக்கி, தலைமயிர் போன்ற நுண் துளையுள்ள நீண்ட குழாய்க்குள் ஹீலியம் வாயுவோடு செலுத்துகிறார்கள். குழாயின் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. திருவிழாக் கடைத்தெருவில் ஒரு கூட்டம் நடந்து போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் கடைசியில் வருவார். எதிலும் மனம் ஒட்டாதவர் முதலில் வெளியே வருவார். பூச்சோடு ஒட்டும் தன்மை வேறுபடுவதால் பொருள்களும் இப்படியே ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவருகின்றன.

அப்படி வரும் ஒவ்வொன்றையும் இன்னொரு கருவி உடைத்து நிறுத்துப் பார்க்கிறது. அதுதான் நிறை நிறமாலைமானி.

மூலக்கூறை உடைத்துப் பார்த்தல்

இந்தக் கருவிக்குள் வெற்றிடத்தில் மூலக்கூறுகளின் மேல் எலக்ட்ரான் கற்றை பாய்கிறது. அடி வாங்கிய மூலக்கூறு மின்னேற்றம் பெற்று, தன் வலுவில்லாத இடங்களில் உடைகிறது. மின்னேற்றமுள்ள துண்டுகளை நிறைவாரியாகப் பிரித்து, எந்த நிறையில் எத்தனை துண்டுகள் என்று கருவி கோடு போட்டுக் காட்டுகிறது. ஒரு பொருளின் மூலக்கூறு எப்போதும் ஒரே விதமாக உடைவதால் இந்தக் கோடுகளின் வரிசை அதற்குக் கைரேகை மாதிரி. கணிப்பொறியில் பல்லாயிரம் பொருள்களின் கோட்டு வரிசைகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. புதியதை அவற்றோடு ஒப்பிட்டுக் கணிப்பொறி பெயரைச் சொல்லிவிடும்.

போலீஸ் கைரேகைப் பதிவு வைத்திருப்பது நமக்குத் தெரியும். முதல் தடவை திருட வந்தவனின் ரேகை அந்தப் பதிவில் இராது அல்லவா? 'சைனா ஒயிட்' விஷயமும் அதுதான். இந்த இடத்தில் கணிப்பொறி ஓய்ந்துவிடுகிறது. வேதியியலார் தாமே கணக்குப் போட வேண்டும். நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான அணு எடைகள் நான்குதான்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16.

ஃபென்டனில் என்பது பெல்ஜியம் நாட்டில் பால் ஜான்சன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1960 வாக்கில் உருவான மருந்து. அறுவைச் சிகிச்சையில் நோயாளிக்கு வலி தெரியாமலிருக்கக் கொடுப்பது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வலியது. அதன் மூலக்கூறில் 22 கார்பன், 28 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். கூட்டினால் 336 வருகிறதா?

இதன் அமைப்பையும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஆறு அணுக்கள் கொண்ட ஒரு வளையம். அதில் ஓர் அணு நைட்ரஜன். அந்த நைட்ரஜனிலிருந்து இரண்டு கார்பன் நீளமுள்ள ஒரு பாலம் புறப்பட்டு ஒரு பென்சீன் வளையத்தில் முடிகிறது. நடு வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நைட்ரஜன்; அதில் இன்னொரு பென்சீன் வளையமும், ஆக்சிஜன் உள்ள ஒரு சிறு வாலும் தொங்குகின்றன.

எலக்ட்ரான் அடித்ததும் ஃபென்டனில் முதலில் பாலத்தின் நடுவில் முறிகிறது. ஒரு பென்சீன் வளையமும் பாலத்தின் பாதியும் போய்விடுகின்றன. 7 கார்பன், 7 ஹைட்ரஜன்: 91. மிச்சம் 245. பிறகு ஆக்சிஜன் உள்ள வால் 56 நிறையோடு கழன்று 189 ஆகிறது. அடுத்து நடு வளையமே உடைந்து, அதன் நைட்ரஜனும் பாலத்தில் மிஞ்சிய கார்பனும் வளையத்தின் ஒரு கார்பனும் சேர்ந்து 43 நிறையோடு வெளியேறுகின்றன. மிச்சம் 146. ஆக ஃபென்டனிலின் கைரேகை 245, 189, 146.

புதிய பொருளின் மூலக்கூறு எடை 350. ஃபென்டனிலைவிட 14 அதிகம். வேதியியலார் மனத்தில் இந்த 14 உடனே மணி அடிக்கும். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன்: 12 + 2. எங்கோ ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கே என்பதுதான் கேள்வி.

அதன் கோடுகள் 259, 203, 146. முதல் முறிவைப் பாருங்கள். 350-லிருந்து 259-க்கு வர 91 போக வேண்டும். ஃபென்டனிலில் போன அதே 91! எனவே கழன்று விழுந்த பென்சீன் வளையத்திலும் பாலத்தின் அந்தப் பாதியிலும் புதிதாக எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இரண்டாவது முறிவில் அதே 56. ஆகவே வாலிலும் இல்லை. மூன்றாவதில்தான் சூட்சுமம். 203-லிருந்து 146-க்கு வர 57 போகிறது. ஃபென்டனிலில் 43 போன இடத்தில் இங்கே 57. வித்தியாசம் அதே 14. முடிவில் நிற்கும் 146 மாறவேயில்லை. அப்படியானால் மெத்தில் அந்த மூன்றாம் துண்டோடு போய்விட்டது. நடு வளையத்தின் நைட்ரஜன், அதை ஒட்டிய கார்பன்கள் ஆகியவை உள்ள சிறு இடம் அது. மெத்தில் தொகுதி வளையத்தின் மூன்றாம் எண் கார்பனில் இருந்திருந்தால் கடைசிக் கோடு 160-ல் வந்திருக்கும்.

திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. வீட்டு எண் தெரிய வேண்டும். இதற்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்ற முறை உதவும். வலிய காந்தப் புலத்தில் வைத்த மூலக்கூறின் ஒவ்வொரு ஹைட்ரஜனும், தன் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஒரு குறிப்பைத் தரும். அதற்கும் பிறகு கடைசி உறுதி ஒன்று உண்டு. சந்தேகப்படும் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே தூய நிலையில் தயாரித்து, கைப்பற்றிய பொடியையும் அதையும் ஒரே கருவியில் அடுத்தடுத்துச் செலுத்துவது. குழாயிலிருந்து வெளிவரும் நேரம், கோடுகளின் நிறை, அவற்றின் உயரம் எல்லாமே ஒத்துப்போக வேண்டும். 'ஏறக்குறைய இதுதான்' என்ற விடை நீதிமன்றத்தில் செல்லாது.

மெத்தில் தொகுதி பாலத்தில், நடு வளையத்தின் நைட்ரஜனை ஒட்டிய கார்பனில் இருந்தது. பொருளின் பெயர் ஆல்ஃபா மெத்தில் ஃபென்டனில். அமெரிக்கப் போதைப் பொருள் தடுப்பு நிர்வாகத்தின் வேதியியலார் 1981-ல் இந்தத் துப்பறியும் வேலையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் அப்பொருள் தடைப் பட்டியலில் ஏறியது. முதல் இரு மரணங்களுக்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தொரு மாதங்கள்.

ஒரு பெயரைப் பற்றி

அந்த நாள் சட்டத்தில், பட்டியலில் பெயர் உள்ள பொருளுக்குத்தான் தடை. ஒரு மெத்திலை இங்கிருந்து அங்கே மாற்றிவிட்டால் அது வேறு பொருள், வேறு பெயர். தடை அதைத் தொடாது. கள்ளத் தயாரிப்பாளர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுகளில் ஃபென்டனிலின் வேறு சில உறவுக்காரப் பொருள்களும் கலிஃபோர்னியாத் தெருக்களுக்கு வந்தன. அங்குள்ள டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஹென்டர்சன் இவற்றுக்கு 'டிசைனர் டிரக்' என்று பெயர் சூட்டினார். தடைசெய்த பொருளை ஒத்த அமைப்பும் விளைவும் உள்ளவற்றையும் குற்றத்தில் சேர்க்கும் சட்டத்தை அமெரிக்கா 1986-ல் இயற்றியது.

பெயர் நிலைத்துவிட்டது; ஆனாலும் அது இவர்களுக்குக் கொஞ்சம் அதிகப்படியான மரியாதை என்றே தோன்றுகிறது. 'டிசைனர்' என்றால் ஏதோ மேதை உட்கார்ந்து வரைந்தது போல் இருக்கிறது. உண்மையில் இவர்களில் பலர் எதையும் வரையவில்லை. நல்ல நோக்கத்தோடு விஞ்ஞானிகள் செய்து, ஆய்வு இதழ்களில் வெளியிட்டவற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வழக்கு அதற்குச் சரியான சான்று.

சாம்பிராணிப் பொட்டலம்

2008 வாக்கில் ஜெர்மனியிலும் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் 'ஸ்பைஸ்' என்ற பெயரில் பளபளப்பான சிறு பொட்டலங்கள் கடைகளில் பகிரங்கமாக விற்றன. உள்ளே உலர்ந்த இலைத் தூள். நம் வீட்டுச் சாம்பிராணி போலப் புகை போடுவதற்கு என்றும், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல என்றும் உறையில் அச்சிட்டிருந்தார்கள். மூலிகைப் பெயர்கள் பல வரிசையாக இருந்தன. வாங்கியவர்கள் அதைப் புகைத்தார்கள். கஞ்சா போன்ற மயக்கம் வந்தது. சிறுநீரைச் சோதித்தால் கஞ்சா இல்லை என்றே விடை.

வழக்கமான சிறுநீர்ச் சோதனை, கஞ்சாவின் மூலக்கூறு வடிவத்துக்குப் பொருந்தும் ஒரு புரதத்தைக் கொண்டு நடப்பது. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. வடிவம் வேறாக இருந்தால் சாவி திரும்பாது. இலைத் தூளை நேரே சோதிக்கலாமே என்றால், அதில் வேறு தொல்லை. எந்தச் செடியை எடுத்தாலும் அதில் எத்தனையோ இயற்கைப் பொருள்கள். வண்ணப்பிரிகைக் கருவியின் தாளில் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் போலக் காட்சி தரும். அவற்றில் குற்றவாளி எந்த மேடு? போதாக்குறைக்கு, சில பொட்டலங்களில் வைட்டமின் ஈ ஏராளமாக இருந்தது. சோதனையைக் குழப்புவதற்கென்றே சேர்த்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

2008 டிசம்பரில் ஃபிராங்ஃபர்ட் நகரிலுள்ள ஒரு மருந்து நிறுவனத்தார் விடையை அறிவித்தனர். ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத் தடய மருத்துவ ஆய்வாளர்களும் இதைத் துருவி ஆராய்ந்து வெளியிட்டார்கள். இலையின் மேல் தெளிக்கப்பட்டிருந்த செயற்கைப் பொருள்களில் ஒன்றின் பெயர் ஜேடபிள்யூஎச்-018. ஜான் டபிள்யூ. ஹஃப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் முதலெழுத்துகள் அவை! தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அவர், கஞ்சாவின் விளைவு மூளையில் எந்த வாயில் வழியே நிகழ்கிறது என்று அறிய, 1990-களில் நூற்றுக்கணக்கான பொருள்களை உருவாக்கி வரிசை எண் கொடுத்திருந்தார். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்காத ஆராய்ச்சிப் பொருள்கள் அவை. அவருடைய கட்டுரைகளை யாரோ கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

ஜெர்மன் அரசு விரைந்தது. 2009 ஜனவரி 22 முதல் தடை அமலுக்கு வந்தது. நான்கே வாரங்களில் கடைகளில் புதுப் பொட்டலங்கள்! அவற்றில் இருந்தது ஜேடபிள்யூஎச்-073. முன்னதில் ஐந்து கார்பன் கொண்ட ஒரு சங்கிலி இருந்தது, இதில் நான்கு. முன்னதன் மூலக்கூறு எடை 341, இதனுடையது 327. கழித்துப் பாருங்கள்: மறுபடியும் அந்தப் பதினான்கு.

ஒரே எடை, வேறு பொருள்

எடையை முழு எண்ணில் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. கார்பன் மோனாக்சைடின் எடை 28. நைட்ரஜன் வாயுவும் 28. எத்திலீனும் 28. மூன்றும் வெவ்வேறு பொருள்கள். ஆனால் அணுக்களின் உண்மையான நிறைகள், கார்பனைத் தவிர, சுத்தமான முழு எண்கள் அல்ல. நுட்பமாக நிறுத்தால் கார்பன் மோனாக்சைடு 27.9949, நைட்ரஜன் 28.0061; எத்திலீன் 28.0313. இன்றைய உயர்திறன் நிறமாலைமானிகள் இந்த வித்தியாசத்தை எளிதாகக் காண்கின்றன. அயனிகளை ஓட்டப் பந்தயம் போல ஒரு குழாயில் ஓடவிட்டு, இலேசானது முந்தி வருவதைக் கொண்டு நிறையைக் கணக்கிடும் கருவி அவற்றுள் ஒன்று. ஒரு பொருள் இன்னதென்று தெரியாவிட்டாலும் அதில் எந்த அணு எத்தனை என்று அது சொல்லிவிடும்.

அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்து, அடுக்கப்பட்ட இடம் மட்டும் மாறியிருந்தால் இதுவும் பயன்படாது. அத்தகைய ஐசோமர்களைப் பிரித்தறிய அகச்சிவப்புக் கதிரை நாடுகிறார்கள். வீணைத் தந்தியில் விரல் வைக்கும் இடம் மாறினால் சுருதி மாறுவது போல, மெத்தில் தொகுதியின் இடம் மாறினால் மூலக்கூறின் அதிர்வு மாறும்; அது உறிஞ்சும் கதிரும் மாறும். ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு முறைகளில் ஒரே விடை வந்தால்தான் அறிக்கை எழுதலாம் என்பது பன்னாட்டு வேதியியலார் குழு வகுத்த நெறி.

பிரிட்டனும் ஜெர்மனியும் 2016-ல் புதுச் சட்டங்களைக் கொண்டுவந்து, தனித்தனிப் பெயர்களை விட்டுவிட்டு மொத்தமாகத் தடுக்க முயன்றன. சீனா 2019 மே 1 முதல் ஃபென்டனில் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அதே 2019-ல் நிட்டசீன் என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த பொடிகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தலைகாட்டின. ஃபென்டனிலோடு இவற்றுக்கு அமைப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபென்டனிலைக் கண்டறியும் சோதனைப் பட்டைகள் இவற்றைக் காட்டுவதில்லை. இவையும் புதியவை அல்ல. 1950-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வலிநிவாரணிகளாக ஆராய்ந்து, மருந்தாக விற்காமல் விட்டுவிட்ட பொருள்கள்தாம்.

வியன்னாவிலுள்ள ஐ.நா. போதைப் பொருள் அலுவலகத்துக்கு உலக நாடுகள் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுப் பொருள்களை அறிவித்திருக்கின்றன. ஓர் ஆய்வுக்கூடம் விடை கண்டதும் அந்தக் கைரேகையை மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறது. மறுநாள் வேறொரு நாட்டில் அதே பொடி வந்தால் கணிப்பொறியே பெயரைச் சொல்லும். உயிர் பிழைத்து மருத்துவமனையில் கிடப்பவருக்கு இதனால் உடனடிப் பயன் உண்டு. அபினி வகை என்று தெரிந்தால் நாலாக்சோன் ஊசி அதன் பிடியைத் தளர்த்தும். செயற்கைக் கஞ்சா வகை என்றால் அந்த ஊசியை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. வேறு சிகிச்சை பார்க்க வேண்டும்.

விடை கிடைக்காத பொடிகளையும் எறிந்துவிடுவதில்லை. உயர்திறன் கருவி தான் கண்ட எல்லாத் துண்டுகளையும் கணிப்பொறியில் பதிந்து வைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எங்கோ ஒருவர் அந்தப் பொருளுக்குப் பெயர் கண்டுபிடித்தால், வேதியியலார் பழைய பதிவுகளைத் திறந்து அதே நிறைக்கான கோட்டைத் தேடுகிறார்கள். அப்போது, காரணம் தெரியவில்லை என்று மூடிய மரணக் கோப்புகள் சிலவற்றுக்கு விடை கிடைக்கிறது.